தண்ணீர்த் தொட்டித் தெருவுக்குச் சிவப்படித்தது யார்?

எங்கள் நகரின் குடியிருப்போர் நலச்சங்கம் ஆண்டுதோறும் ஒரு மலர் போடுகிறது. தலைவரின் படம், வாழ்த்துச் செய்தி, பிளம்பர், எலக்ட்ரீஷியன் எண்கள், கடைசிப் பக்கத்தில் சமையல் குறிப்பு. இந்த ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கணேசன் போன மாதம் என் வீட்டுக்கு வந்தார். கையில் செல்போன். அதில் புதுச்சேரி முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து நிறம் பூசிய வரைபடம். ரெட்டியார்பாளையத்தில் நம் நகர் இருக்கும் கட்டங்கள் பச்சைப் பசேலென்று இருந்தன.

"மேடம், இந்த மேப்ப மொதல்ல போட்டதே நீங்கதானாமே, சொல்லவே இல்ல பாருங்க! நம்ம ஏரியா பச்சையா இருக்கறதப் பத்தி ரெண்டு பக்கம் எழுதுங்க. இந்த மேப்பத்தான் மலரு அட்டையில போடப்போறோம். அப்படியே, சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் ஸ்டேஷனுக்குப் போவாதீங்க, போனா கலர் எறங்கிடும்னு ஒரு வரி சேத்துடுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க" என்றார்.

எழுதுகிறேன் என்றேன். எழுதியும் விட்டேன். இரண்டு பக்கத்தைத் தாண்டிவிட்டது. இடம் போதாவிட்டால் சமையல் குறிப்பை எடுத்துவிடுங்கள்.

வில்லியனூர் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண் நான். பாலிடெக்னிக் முடித்ததும் நகரமைப்பு வேலை பார்க்கும் ஓர் அலுவலகத்தில் ட்ரேசராகச் சேர்ந்தேன். மெழுகுத் துணியின் மேல் மசிப்பேனாவால் கோடு இழுக்கிற வேலை. அமோனியாவில் பிரதி எடுத்துவிட்டு வீட்டுக்குப் போனால் சோற்றிலும் அந்த நெடிதான் இருக்கும். பத்துப் பதினைந்து வருடம் அப்படிப் போயிற்று. பிறகு கணினி வந்தது. மூன்று மாதம் சென்னைக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். திரும்பி வந்ததும் என் பழைய பேனாக்களை ஒரு டப்பாவில் போட்டு மூடினேன். அதற்காக ஒரு நாளும் வருத்தப்படவில்லை. முதுகுவலியாவது குறைந்தது.

எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் அந்துவான் சார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த ஒரு சொல்தாவின் மகன். பழைய பியூன்கள் அவரை, பிரெஞ்சுக்காரர்களைக் கூப்பிடுகிற மாதிரி, 'மிசே' என்றுதான் கூப்பிடுவார்கள். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு மேசையைத் துடைத்துவிட்டு, நீள பிரெட்டை ஒடித்து மீன் குழம்பில் தோய்த்துச் சாப்பிடுவார். அந்த அரை மணி நேரம் மேலிடத்திலிருந்து போன் வந்தாலும் எடுக்க மாட்டார். கடைநிலை ஊழியரையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். ஒருவரையும் அவர் திட்டி நான் கேட்டதில்லை. நாம் கொண்டுபோன தாளில் தப்பு இருந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அந்தத் தாளின் மேலேயே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். 'கண்ணாடி இறங்கிடுச்சு' என்றால் எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் புரியும். அவர் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "போய்ப் பாத்தீங்களா?" வாய்க்கால் ஆனாலும் சரி, மயானம் ஆனாலும் சரி, போய்ப் பார்க்காமல் கோடு போட்டால் கண்ணாடி இறங்கும்.

ஊரில் எந்தப் பகுதியில் மனிதர் நிம்மதியாக வாழ முடிகிறது என்பதை வரைபடமாகப் போடச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. காவல் நிலையப் புகார்களையும் நகராட்சிப் புகார்களையும் வைத்துப் போட வேண்டும். வேலை என் தலையில் விழுந்தது.

செய்த விதத்தைச் சொல்கிறேன். மாதம் பிறந்ததும் காவல் நிலையங்களிலிருந்து பட்டியல் வரும். கொடுத்தவர் பெயர் இருக்காது. என்ன புகார், எந்தத் தேதி, எத்தனை மணி, சம்பவ இடம் எது என்பது மட்டும் இருக்கும். எரியாத தெருவிளக்கு, அள்ளாத குப்பை, அடைத்துக்கொண்ட வாய்க்கால் எல்லாம் தனிப் பட்டியல். ஒவ்வொரு வரியாகப் படித்து, சம்பவ இடத்தைக் கணினி வரைபடத்தில் தேடி ஒரு புள்ளி வைப்பேன். நம் ஊரில் இது லேசான வேலை இல்லை. பலகையில் ஒரு பிரெஞ்சுப் பெயர், மக்கள் வாயில் ஒரு தமிழ்ப் பெயர் என்று தெருக்கள் உண்டு. ஒரே வீட்டுக்குப் பழைய எண், புது எண். பாதிப் புகார்களில் எண்ணே இருக்காது. 'கோயில் எதிரில்', 'டேங்க் அருகில்' என்று இருக்கும். அப்படி இருந்தால் அந்தக் கோயில் மேலேயோ டேங்க் மேலேயோ புள்ளியை வைத்துவிடுவேன். பிறகு ஊரை இருநூறு மீட்டர் கட்டங்களாக வெட்டி, கட்டத்துக்குள் விழுந்த புள்ளிகளுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டுவேன். கூட்டல் குறைவாக இருந்தால் பச்சை. கூடக் கூட மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. மூன்று மாதத்துக்கு ஒரு வரைபடம்.

எல்லாப் புள்ளிக்கும் ஒரே மதிப்பெண் போட எனக்கு மனம் வரவில்லை. சைக்கிள் திருட்டும், ஒரு பெண்ணைப் பின்னாலேயே துரத்தி வந்து தொல்லை கொடுப்பதும் ஒன்றா? பெண்கள் சம்பந்தப்பட்ட புகாருக்கு மூன்று மடங்கு மதிப்பெண் என்று ஒரு விதி எழுதிக் கொடுத்தேன். கூட்டத்தில் கை தட்டினார்கள். அந்துவான் சார் மட்டும், "போய்ப் பாத்தீங்களா?" என்றார். எதைப் போய்ப் பார்ப்பது என்று எனக்கு விளங்கவில்லை. விதியைப் போய் எப்படிப் பார்ப்பது? அவருக்கும் அப்போது பதில் தெரியவில்லை போலிருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வரைபடம் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. படிக்க வேண்டியதில்லை, பார்த்தால் போதும். பெண்கள் விடுதிகளுக்கு உரிமம் கொடுக்கிற பிரிவு, தன் படிவத்தில் 'பகுதியின் நிறம்' என்று ஒரு வரியையே சேர்த்துக்கொண்டது. அந்த ஒரு வரியில்தான் ஜைனப் மாட்டிக்கொண்டார்.

ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு, வெள்ளைத் துப்பட்டா போட்ட ஓர் அம்மா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர்.

"மேடம், எங்க தெருவு செவப்பாமே? சுண்ணாம்பு அடிச்ச தெருவு மேடம் அது. யாரு செவப்படிச்சது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில், தண்ணீர்த் தொட்டித் தெருவில், தன் வீட்டு மாடியில் பெண்கள் விடுதி நடத்துகிறவர்; அவர்தான் ஜைனப். கணவர் இறந்த பிறகு அதுதான் வாழ்க்கை. பதினான்கு பெண்கள். நர்சிங் படிப்பவர்கள், லேப்பில் வேலை செய்பவர்கள். எல்லோரும் திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். சிவப்புப் பகுதியில் இருப்பதால் உரிமத்தைப் புதுப்பிக்க முடியாது, முப்பது நாளில் பெண்களை வெளியேற்ற வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. விஷயம் கசிந்து, இரண்டு தகப்பன்மார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வந்துவிட்டார்களாம்.

"பொண்ணுங்கள அனுப்பிட்டு நான் எங்க மேடம் போவேன்? அதுங்கதான் எங்க போவும்? வெளிய ரூம் எடுத்து இருக்கற சக்தி இருந்தா எங்கிட்ட ஏன் வருதுங்க?"

வந்து பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். உள்ளுக்குள் எனக்குத் தைரியம்தான். 'டேங்க் அருகில்' என்று வந்த புகாரையெல்லாம் அந்தத் தெருவின் தலையில் கட்டியது நான்தானே? சாராயக்கடைச் சண்டைகூட அங்கே வந்து விழுந்திருக்கும், அவற்றை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பட்டியலை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கே போய் எழுத்தரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சில புள்ளிகள் இடம் மாறின. தெரு சிவப்பாகவே இருந்தது. மிச்சம் இருந்ததெல்லாம் பெண்கள் சம்பந்தப்பட்ட புகார். எல்லாம் மூன்று மடங்கு.

மறுநாள் சாயங்காலம் தெருவுக்குப் போனேன். தையல் கடை, பஜ்ஜிக் கடை, தண்ணீர்த் தொட்டியின் காலைச் சுற்றி நிறுத்தியிருந்த சைக்கிள்கள். ஷிப்ட் முடிந்த பெண்கள் கழுத்தில் அடையாள அட்டை தொங்க, சத்தமாகப் பேசிக்கொண்டு நடந்து வந்தார்கள். ஏழு மணி. தனியாக ஒருத்தி வாழைப்பழம் வாங்கிக்கொண்டு அவசரமே இல்லாமல் போனாள். ஜைனப் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லி எண்ணிக்கொண்டிருந்தார்.

என்னை உள்ளே கூட்டிப்போய் டீ கொடுத்துவிட்டு, அந்த பிளாஸ்டிக் கவரைப் பிரித்து மேசையில் கொட்டினார். எல்லாம் காவல் நிலைய ரசீதுகள்.

"நான் எப்படிப் பாத்துக்கறேன்னு நீங்களே பாருங்க மேடம். எவனாவது வண்டியில சுத்திகினு வந்தா நம்பர எழுதிப்பேன். மறுநாள் காலைல அந்தப் பொண்ணையும், சாட்சிக்கு இன்னொருத்தியையும் கூட்டிகினு ஸ்டேஷனுக்குப் போயிடுவேன். ரசீது குடுக்காம எழுந்திருக்க மாட்டேன். எங்க தெருவுல இப்ப எவனும் ரெண்டாவது தடவை வர மாட்டான்."

ரசீதுத் தேதிகளை என் பட்டியலோடு ஒத்துப் பார்த்தேன். ஒன்றுக்கு ஒன்று சரியாக இருந்தது. அந்த வட்டாரத்திலேயே பெண்கள் தைரியமாக நடக்கிற தெரு அது. தைரியமாக நடப்பதற்குக் காரணம் அந்த ரசீதுகள். அந்த ரசீதுகளைத்தான் நான் மூன்றால் பெருக்கிச் சிவப்படித்திருந்தேன்.

மறைக்காமல் சொன்னேன். அவர் ரசீதுகளை அடுக்கித் திரும்பக் கவரில் போட்டார்.

"அப்ப நான் போவாமலே இருந்திருந்தா?"

"பச்சையா இருந்திருக்கும்."

"சரி மேடம். எல்லாத்தையும் வாபஸ் வாங்கிக்கறேன். எங்க கையெழுத்துப் போடணும்?"

அது நடக்கிற காரியம் இல்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அந்த நிமிடம் எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அலுவலகத்துக்குப் போய் அந்துவான் சாரிடம், "அந்தம்மா குடுத்ததை மட்டும் கழிச்சுடலாம் சார்" என்றேன். கண்ணாடி இறங்கியது.

"போய்ப் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

"என்ன பாத்தீங்க?"

ஏழு மணிக்குப் பெண்கள் நடந்து போனதைச் சொன்னேன். வாழைப்பழம் வாங்கியவளையும் சொன்னேன்.

"அத மேப்புல எங்க வெச்சிருக்கீங்க வசந்தா?"

எங்கேயும் வைக்கவில்லை. அதற்கு நிறமே இல்லை. "நடந்ததக் கழிக்க வேணாம். விட்டுப்போனதச் சேருங்க. ஒரு செவப்பு எடத்துல ஒரு வாரம் நில்லுங்க, ஒரு பச்சை எடத்துல ஒரு வாரம் நில்லுங்க. ஆறுலேருந்து எட்டு மணி வரைக்கும் எத்தன பொம்பளைங்க தனியா நடக்கறாங்கன்னு எண்ணுங்க" என்றார்.

பச்சை இடமாக நான் தேர்ந்தெடுத்தது எது தெரியுமா? நம் நகர்தான். அப்போது நான் இங்கே குடிவரவில்லை. பூங்காவின் எதிரில் நின்றேன். தண்ணீர்த் தொட்டித் தெருவில் நின்ற வாரம், நடப்பவர்கள் அதிகமாகி எனக்கு எண்ணிக்கையே விட்டுப்போகும். இங்கே விரல் மடக்கவே வேலை இல்லை. மூன்றாவது நாள் ஒரு வீட்டுக் காவலாளி இரக்கப்பட்டு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்.

"ஆறு மணிக்கு மேல பொம்பளைங்க யாரும் வர மாட்டாங்க மேடம். போன மாசம் ஒரு வீட்டம்மாவோட செயினை அறுத்துகினு போயிட்டானுங்க. போலீசு வந்து நின்னா நாலு பேரு என்ன நெனப்பாங்கன்னு அந்த வீட்டு சாரு புகாரே வேணாம்னுட்டாரு."

அந்தச் செயின் என் பட்டியலில் இல்லை. அதனால் நம் நகர் பச்சை.

எண்ணிக்கையோடு அறிக்கை எழுதினேன். அந்துவான் சாரே கூட்டத்தில் எழுந்து வாசித்தார். படிவம் அச்சாகிவிட்டது, நிறம் மாறாது, வேண்டுமானால் வரைபடத்தின் கீழே ஒரு குறிப்புப் போட்டுக்கொள்ளுங்கள் என்று தலைமை வகித்தவர் சொல்லிவிட்டார். குறிப்பைப் பொடி எழுத்தில் போட்டோம். உரிமம் கொடுக்கிற பிரிவில் ஒருவரும் அதைப் படிக்கவில்லை. அந்துவான் சார் நேரில் போய்ப் பேசியதில் ஒன்று மட்டும் நடந்தது: அடுத்த வரைபடம் வரும் வரை மூன்று மாதம் விடுதியைத் தொட மாட்டோம் என்றார்கள். அதை ஜைனபிடம் நானே போய்ச் சொன்னேன். அந்த மூன்று மாதத்தில் அவர் என்ன செய்வார் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

அடுத்த வரைபடத்தில் தண்ணீர்த் தொட்டித் தெரு பச்சை. உரிமம் புதுப்பிக்கப்பட்டது. மேலிடத்திலிருந்து எங்களுக்குப் பாராட்டுக் கடிதம்கூட வந்தது, ஒரு சிவப்புப் பகுதி முன்னேறிவிட்டது என்று.

அந்த வாரம் ஜைனப் ஒரு டப்பா நிறைய சமோசா கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"பச்சையாயிடுச்சு மேடம்."

"இப்ப எவனும் வரதில்லையா?"

"வரானுங்க. நான்தான் ஸ்டேஷனுக்குப் போறதில்ல."

சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னேன். பிறகுதான் வந்தது விஷயம். முதல் வருடம் நர்சிங் படிக்கிற பெண் ஒருத்தியை, இரண்டு பேர் வண்டியில் தினமும் தொடர்ந்து வந்திருக்கிறார்கள். ஒரு நாள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்ததில் கீழே விழுந்து முழங்கை கிழிந்திருக்கிறது. வண்டி எண்ணையும் குறித்துக்கொண்டு ஓடிவந்து ஜைனபிடம் சொல்லியிருக்கிறாள்.

"வா போலாம்னு எழுந்துட்டேன் மேடம். செருப்பு கூட போட்டுட்டேன். லைசென்சு ஞாபகம் வந்துடுச்சு. உக்காந்துட்டேன்."

அந்தப் பெண் மறு வாரம் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். படிப்பையும் விட்டுவிட்டாள்.

ஜைனப் அழவில்லை. பக்கத்து அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அந்துவான் சார் வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். அன்றைக்கு அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. "வசந்தா, இவங்கள ஸ்டேஷனுக்குக் கூட்டிகினு போங்க. ஆபீஸ் வண்டிய எடுத்துக்கங்க" என்றார். மணி பன்னிரண்டு. பிரெட் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது.

போனோம். எங்களைப் பார்த்ததும் எழுத்தர், "என்னம்மா, மூணு மாசமா ஆளையே காணோம்? ஒடம்பு சரியில்லையோன்னு பாத்தோம்" என்றார். ஜைனப் வண்டி எண்ணைச் சொன்னார். 'டேங்க் அருகில்' என்று எழுதிவிடாதபடி சம்பவ இடத்தை நான் சரியாகச் சொன்னேன். ஆட்களைப் பிடித்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஜைனப் பலமுறை போன் செய்தார், ஒரு தடவை ஊருக்கே போய் வந்தார். அவள் திரும்பவில்லை. அவள் பெயர் எனக்குத் தெரியும். என்ன ஆனாள் என்பது தெரியாது. என் விதி ஒரு பெண்ணின் படிப்பை எடுத்துக்கொண்டது. நல்ல எண்ணத்தோடு எழுதினேன் என்பதால் அது இல்லையென்று ஆகிவிடாது.

மூன்று மடங்கு விதியை நானே அடித்து, கீழே என் பெயரை எழுதிக் கொடுத்தேன். விடுதிப் படிவத்திலிருந்து அந்த நிற வரியை எடுக்க அந்துவான் சாருக்கு இன்னொரு வருடம் பிடித்தது. எடுத்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றார். ஜைனப் மறுபடி ரசீது சேர்க்க ஆரம்பித்தார். அந்தத் தெரு அதன் பிறகு மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவிலேயே இருந்தது. நான் ஓய்வு பெறும் வரை அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

ஓய்வு பெற்று நான் நம் நகருக்குக் குடிவந்தேன். பச்சையைப் பார்த்து மயங்கி வந்ததாக நினைக்க வேண்டாம். அக்கா வீடு பக்கத்துத் தெரு, அவ்வளவுதான். இப்போது வரைபடம் செல்போனிலேயே வருகிறது. புள்ளிகளை யார் வைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கம்ப்யூட்டரே வைத்துக்கொள்கிறதாம்.

கணேசன் கட்டுரை கேட்டுப் போன மறு வாரம், என் வீட்டில் வேலை செய்கிற செல்வி சாயங்காலம் பாத்திரம் தேய்க்க வந்ததும் முதலில் வாசல் கதவைத் தாழிட்டாள். பூங்கா முனையில் இரண்டு பேர் வண்டியில் வழிமறித்து, கையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். கணேசனுக்கு எப்படியோ விஷயம் போய், பத்து நிமிடத்தில் வந்துவிட்டார்.

"சின்ன விஷயம் மேடம். கேமரா ஒண்ணு வெச்சுடலாம். இப்பப் போயி ஸ்டேஷனு, அது இதுன்னா நம்ம பேருதான் கெடும். மலர் வேற வரப்போவுது."

செல்வி என்னைப் பார்த்தாள். "வேணாம்மா. நாலு வீட்டு வேலை போயிடும்" என்றாள்.

நான் செருப்பைப் போட்டுக்கொண்டேன். போட்டுக்கொண்ட பிறகு உட்காரவில்லை. செல்விக்குச் சாட்சியாக நானே போனேன். சம்பவ இடம் என்ற வரியில் 'பூங்கா அருகில்' என்று எழுதப் போனார்கள். அப்படி எழுத விடவில்லை. பூங்கா முனையில் இருப்பது என் வீடுதான், என் வீட்டின் பழைய எண், புது எண் இரண்டையும் சொல்லி எழுத வைத்தேன். ரசீது வாங்கி செல்வியின் கையில் கொடுத்தேன். அவளுடைய நான்கு வீடுகளில் ஒன்று வேலையை விட்டு நிறுத்திவிட்டது. எந்த வீடு என்று எனக்குத் தெரியும். அவர்களும் இதைப் படிப்பார்கள்.

கணேசன் அவர்களுக்கு ஒரு விஷயம். அந்தப் பச்சை வரைபடத்தை மலரின் அட்டையில் போடப்போவதாகச் சொன்னீர்கள். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை செல்போனைத் திறந்து பாருங்கள். என் வாசலில் ஒரு புள்ளி விழுந்திருக்கும்.